இந்திராணியின் முழங்கை

இப்படித் தள்ளி உக்காருங்க, அந்த ஓரத்துல வெயில் அடிக்கும். உங்களுக்கு எந்தக் கை, வலதா? பெல்ட் போட்டிருக்கீங்களே, அதான் கேட்டேன். கொஞ்சம் மேல ஏறிக் கிடக்குதுங்க. முழங்கை முட்டு மேலயே கட்டுனா பிரயோஜனம் இல்ல, அதுலேர்ந்து ரெண்டு விரக்கடை கீழ வரணும். இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான். இப்ப அந்தத் தண்ணி பாட்டிலைத் தூக்கிப் பாருங்க. உள்ளங்கை மேல பாக்கிற மாதிரி வச்சுத் தூக்குங்க, கவுத்து வச்சுத் தூக்கக் கூடாது. வலி குறைச்சலா இருக்கா? பாத்தீங்களா.

நர்ஸெல்லாம் இல்லைங்க. எனக்குக் கை வலியும் கிடையாது. உள்ள போனாளே ஒருத்தி, மாம்பழக் கலர் சேலை, அவளுக்குத் துணையா வந்திருக்கேன். என் ஓரகத்தி. இந்திராணின்னு பேரு. என் வீட்டுக்காரரோட தம்பி சம்சாரம். பன்னெண்டு வருஷமா ஒரே வீடு, ஒரே அடுப்பு. வாரத்துக்கு ஒரு தடவை அவளைக் கூட்டிட்டு வந்து வந்து, இந்த வியாதியைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவு அவளுக்கே தெரியாது. டெஸ்ட் வச்சா நான்தான் முதல் மார்க் வாங்குவேன்.

பேரைப் பாருங்களேன், டென்னிஸ் எல்போ. அவ டென்னிஸ் மட்டையைத் தொட்டிருப்பாளா? பள்ளிக்கூடத்துல பாண்டி ஆடினதோட சரி. டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, இது விளையாடுறவங்களை விட வேலை செய்யிறவங்களுக்குத்தாம்மா ஜாஸ்தி வருதுன்னு. எனக்கு வந்ததுக்கெல்லாம் தமிழ்லதாங்க பேரு. இடுப்பு வலி, முட்டு வலி, தலைவலி. அவளுக்கு வந்தது மட்டும் இங்கிலீஷ்ல வருது. எங்க மாமியார் தெருவுல போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம், "எங்க சின்ன மருமகளுக்கு டென்னிஸ் எல்போ"ன்னு சொல்றாங்க. என்னமோ அவ கப்பு வாங்கிட்டு வந்த மாதிரி.

பொறாமைன்னு நினைக்காதீங்க. சரி, நினைச்சுக்கங்க. முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. பொறாமைதான்.

எங்களுக்குப் பழனி அடிவாரத்துல ஒரு லாட்ஜ் இருக்கு. லாட்ஜ்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, பன்னெண்டு ரூமு. கீழ் வீட்டுல நாங்க இருக்கோம். கட்டில் விரிப்பு, தலையணை உறை எல்லாம் வீட்டுப் பொம்பளைங்கதான் துவைக்கணும். மொட்டை போட்டுட்டு வர்றவங்க தலையிலே சந்தனம் பூசியிருப்பாங்கல்ல, அது உறையெல்லாம் அப்பிக் கிடக்கும். வெளியாளுங்க துவைச்சா அந்தக் கறை போகாதுன்னு எங்க அத்தைக்கு, மாமியாரைத்தான் சொல்றேன், ஒரு கொள்கை. பதினோரு வருஷமா நானும் அவளும்தான் துவைச்சோம். அலசின விரிப்பை ஆளுக்கொரு முனையா பிடிச்சுக்குவோம். நான் இந்தப் பக்கம் முறுக்குவேன், அவ அந்தப் பக்கம் முறுக்குவா. சொட்டுத் தண்ணி நிக்காது. அந்த நேரத்துல மட்டும் நானும் அவளும் சண்டை போட்டதே இல்லைங்க. முறுக்குறப்ப ஒருத்தி கையை விட்டா இன்னொருத்தி விழுந்துருவாளே.

போன வருஷம் தை மாசம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்க. தைப்பூசத்துக்குப் பத்தே நாள் இருக்கு, ஊரே திமிலோகப்படுது. டாக்டரம்மா மூணு மாசம் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. என் வீட்டுக்காரர், தண்டபாணின்னு பேரு, ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வரலைன்னு சொல்ல மாட்டேன். பேப்பரைக் கையிலே கொண்டு வந்தாரு, படிச்சாரு, மடிச்சாரு, "வரட்டா"ன்னாரு. அவ்வளவுதான்.

நான் கட்டில்ல கிடக்கேன். ஜன்னல் வழியா துவைக்கிற கல்லு தெரியும். இவ என்ன பண்ணினா தெரியுமா? விரிப்போட ஒரு முனையைத் தண்ணித் தொட்டிக் குழாய்ல சுத்திக் கட்டிட்டு, மறு முனையைத் தனியாளா முறுக்கினா. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தஞ்சு. தைப்பூசம் முழுக்க, பங்குனி உத்திரம் முழுக்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. நான் பிடிச்ச இடத்துல ஒரு இரும்புக் குழாய். நான் இல்லாட்டியும் நடக்கும்னு ஊருக்குக் காட்டத்தானே? என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? அத்தை வேற வாசல்ல நின்னு, "ஒத்தையாளா இழுத்துக்கிட்டுப் போறாடி சின்னவ"ன்னு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்றாங்க. எனக்குக் கேக்கணும்னுதான் சத்தமாச் சொல்றாங்க.

சாயங்காலமானா என் ரூமுக்கு வருவா. தலை பின்னி விடுறேன்கான்னு வந்து உக்காருவா. இறுக்கிப் பின்னுவா, தலை வலிக்கும். விரிப்பு முறுக்கின கைதானே.

சித்திரை மாசம் நான் எந்திரிச்சு நடமாடுறேன், இவ கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. முழங்கைக்கு வெளிப்பக்கம் எலும்பு முட்டிக்கிட்டு இருக்குமே, அங்க சுள்ளுன்னு குத்துதாம். காபி டம்ளரைத் தூக்க முடியல. கதவுக் குமிழைத் திருக முடியல. என்கிட்டேயிருந்து வேலையைத் தள்ளி விடுறதுக்குப் போடுற நாடகம்னுதான் முதல்ல நினைச்சேன்.

அப்பதான் இங்க கூட்டிட்டு வந்தோம். டாக்டர் அந்த எலும்பு மேல கட்டை விரலை வச்சு அமுக்கினாரு, கத்திட்டா. நடுவிரலை நேரா நீட்டச் சொல்லி மேலயிருந்து அழுத்தினாரு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. மணிக்கட்டைத் தூக்குற தசையெல்லாம் அந்த ஒரு இடத்துலதான் வந்து ஒட்டுதாம். முறுக்கி முறுக்கி அங்க உள்ளுக்குள்ளேயே நைஞ்சு போயிருக்குன்னாரு. ஊசி போட்டா சட்டுன்னு வலி குறையும், ஆனா பல பேருக்குத் திரும்ப வந்துரும், அதனால பொறுமையா உடற்பயிற்சியில சரி பண்ணுவோம், ஆறு மாசம் ஒரு வருஷம்கூட ஆகும்னாரு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு நானும் என் முழங்கையை அமுக்கிப் பாத்தேன். நடுவிரலை நீட்டி மறு கையால அழுத்திப் பாத்தேன். ரெண்டு கையிலயும் பாத்தேன். ஒண்ணுமே வலிக்கலைங்க. நானும் அதே விரிப்பைத்தானே பதினோரு வருஷம் முறுக்கினேன்? எனக்கு மட்டும் ஏன் வரலை?

அன்னைக்கு டாக்டர் ஒண்ணு கேட்டாரு. "கொஞ்ச மாசமா புதுசா ஏதாவது கடுமையான வேலை செஞ்சீங்களாம்மா?" இவ என்னைத் திரும்பிப் பாத்தா. பாத்துட்டு, "மிக்சி கெட்டுப் போச்சு சார், அம்மியில அரைச்சேன்"னா. எங்க வீட்டு மிக்சி கெடவே இல்லைங்க! நல்லா ஓடுது. டாக்டர்கிட்ட வாய் கூசாமப் பொய் சொல்றா, பக்கத்துல நான் நிக்கிறேன். லாட்ஜ் வேலைன்னு சொன்னா கௌரவக் குறைச்சல் போல. அவ்வளவு மிதப்பு.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. என் கொழுந்தன் சண்முகவேல் இருக்காரே, அவரு ஐஸ் கட்டியைத் துண்டுல சுத்தி பொண்டாட்டி முழங்கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. தோசைக்கல்லைத் தூக்கிக் குடுக்கிறாரு. மேஜை ஓரத்துல கையை வச்சு, தண்ணி பாட்டிலைப் பிடிச்சு மெதுவா இறக்கணும்னு ஒரு பயிற்சி இருக்கு. இந்தா, உங்களுக்கும் சொல்லிக் குடுப்பாங்க. மேல தூக்க இன்னொரு கை ஒத்தாசை பண்ணலாம், இறக்குறதுதான் முக்கியம், அஞ்சு எண்ணி இறக்கணும். அந்த அஞ்சையும் அவருதான் எண்ணுறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, பச்சைப் புள்ளைக்குச் சொல்லித் தர்ற மாதிரி.

அதுகூடப் பரவாயில்லைங்க. ஒரு நாள் கொல்லைப் பக்கம் போறேன், அவளுக்குத் தலை பின்னி விட்டுக்கிட்டு இருக்காரு. லாட்ஜ் சாவிக் கொத்தை இடுப்புல செருகிக்கிட்டு, மூணு கால் பிரிச்சு, ஆம்பளை, பொண்டாட்டிக்குத் தலை பின்னுறாரு. கோணல் மாணலாத்தான் வருது. அவ சிரிக்கிறா. நான் அப்படியே திரும்பி வந்துட்டேன். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலைங்க. என் வயித்தைக் கிழிச்சப்ப ஒரு ஆளு பேப்பர் படிச்சாரு. இவளுக்கு ஒரு முழங்கை வலிச்சா ஒரு ஆளு தலை பின்னுறாரு.

வாஷிங் மெஷின் கதையைச் சொல்லலையே. எட்டு வருஷமா நான் கேட்டேன். கறை போகாது, கரண்ட் இழுக்கும், விரிப்பு நைஞ்சு போகும்னு ஆளுக்கொரு காரணம். இவ கை வலின்னு டாக்டர் சொன்ன எட்டாம் நாள் மெஷின் வந்து இறங்குது. மாலை போட்டு, சூடம் காட்டி, அத்தை முதல் பட்டனை அவளையே அமுக்கச் சொன்னாங்க. இடது கையால அமுக்கினா. அன்னைக்கோட விரிப்பு முறுக்குறது நின்னு போச்சு. என் முனை எனக்குத் தேவையில்லாமப் போச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும், பத்து மாசத்துல நல்லா வந்துட்டா. இந்த மாசியில பால் பாத்திரத்தைத் தூக்கினா. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. அப்பதான் அந்தக் கல்யாணம் வந்துச்சு.

ஒட்டன்சத்திரத்துல, எங்க பெரிய நாத்தனார் மகளுக்கு. அன்னைக்குன்னு பாத்து ஈரோட்டுலேர்ந்து ஒரு பஸ் கூட்டம் சாயங்காலம் வந்து இறங்குது, ரூம் பூரா போட்டு வச்சிருக்காங்க. வீட்டுல ஒரு பொம்பளை இருந்தே ஆகணும். கல்யாண வீட்டுக்கு வந்தா ஏதாவது வேலை சொல்லுவாங்க, கைக்கு ஆகாது, இந்திராணி இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அத்தை முட்டு வலின்னு அவ கூடத் தங்கிட்டாங்க. நானும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கார்ல கிளம்புறோம்.

கிளம்புறப்ப பாத்ரூம் கதவுக்குப் பின்னால ஆணியில இந்திராணியோட முழங்கை பெல்ட் தொங்குது. கறுப்பு பெல்ட், உங்களோடது மாதிரியேதான். ஏன் எடுத்தேன்னு இப்ப வரைக்கும் தெரியலைங்க. எடுத்தேன், பைக்குள்ள போட்டேன்.

மண்டபத்துக் கண்ணாடி முன்னால நின்னு கட்டிக்கிட்டேன். பாட்டில் பச்சைப் பட்டு, அதுக்குக் கீழ கறுப்பு பெல்ட். அப்பா, என்ன உபசாரம்ங்கிறீங்க! "ஐயோ, என்ன ஆச்சு"ன்னு கேக்காத ஆள் இல்ல. டென்னிஸ் எல்போன்னேன். எப்படி வருது, எங்க நையுது, ஊசி போட்டா ஏன் திரும்ப வரும், எல்லாம் சொன்னேன். பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க சுத்தி உக்காந்து கேக்குறாங்க. ஒருத்தி எனக்கு இலை போட்டா. ஒருத்தி விசிறினா. எங்க சித்தி, "பாவம்டி, உழைச்சு உழைச்சு ஓடாப் போயிட்டே"ன்னு கன்னத்தைத் தடவிச்சு. ஆபரேஷன் பண்ணினப்ப போன்லகூடக் கேக்காத சித்திங்க அது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நிஜமாவே கை வலிக்கிற மாதிரிகூட இருந்துச்சு.

பந்தி முடிஞ்சு என் வீட்டுக்காரர் வந்தாரு. கேப்பாருல்ல? ஊரே கேட்டுச்சு. பக்கத்துல வந்து நின்னாரு. என் கையைப் பாத்தாரு. பெல்ட் போட்ட கைதான், நேராப் பாத்தாரு. பாத்துட்டு, தாம்பூலப் பை ஆறு, உள்ள தேங்காயோட, அந்தக் கையிலேயே மாட்டிட்டு, "பிடி, காரை எடுத்துட்டு வரச் சொல்றேன்"னு போயிட்டாரு.

சுத்தி இருந்தவங்க எல்லாம் பாத்தாங்க. நான் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

இங்க வீட்டுல என்ன ஆச்சுன்னா, அன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில ஒம்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இல்ல. முதல் நாள் பேப்பர்ல போட்டிருந்தாங்க, நான் படிச்சேன். இவகிட்டச் சொல்ல மறந்துட்டேன். மறந்துட்டேன்னே வச்சுக்கங்க. சொல்லியிருந்தா ராத்திரியே மெஷின்ல போட்டிருப்பா. இவ இருபத்திரண்டு விரிப்பையும் ஊற வச்சுட்டா, மெஷின் ஓடல, சாயங்காலம் பஸ் வருது. பெல்ட்டைத் தேடியிருக்கா, காணோம். பெல்ட் போட்டா மட்டும் அத்தனையும் முறுக்கிட முடியுமான்னு கேக்குறீங்களா? முடியாதுதான். அது எனக்கும் தெரியும். பழையபடி அந்தக் குழாய்ல ஒரு முனையைக் கட்டி இருபத்திரண்டையும் பிழிஞ்சு போட்டுட்டா. நாங்க போய் இறங்குறப்ப கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. சீப்புப் பிடிக்க முடியல. பத்து மாசம் பண்ணின வைத்தியம் ஒரே பகல்ல போச்சு.

பெல்ட் எங்க, பெல்ட் எங்கன்னு என் கொழுந்தன் வீட்டையே புரட்டுறாரு. நான் கை கழுவுற சாக்குல போய் ஆணியில மாட்டிட்டு, "இங்கதானே தொங்குது, உங்களுக்கெல்லாம் கண்ணே தெரியாதா"ன்னு கத்தினேன். சத்தமாவே கத்தினேன்.

இவ வாங்கினா. ஒட்டுற பக்கம் முள்ளு முள்ளா இருக்கும்ல, அதுல என் பச்சைப் பட்டு இழை ரெண்டு சிக்கியிருக்கு. சேலை முந்தி உரசியிருக்கும் போல, நான் கவனிக்கல. இடது கை நகத்தால அதை மெதுவாப் பிச்சு எடுத்தா. கீழ போட்டா. சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் என் பக்கத்துல வந்து, "அக்கா, பட்டுச் சேலையை மடிச்சு வைக்கிறப்ப முந்தியைப் பாருங்க, இழை கிளம்பியிருக்கும்"னா. அதோட சரி. என்ன அழுத்தம் பாருங்க! சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், தீந்திருக்கும். பதினஞ்சு நாளா அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு நான் தூங்காமக் கிடக்கேன். நீங்களே சொல்லுங்க, கரண்ட்டை நானா நிறுத்தினேன்?

இருங்க, உள்ள பேச்சு கேக்குது. திரைதானே, நல்லாக் கேக்கும். விரிப்பு பிழிஞ்சதைச் சொல்லிட்டா போல, டாக்டர் திட்டுறாரு. "இவ்வளவு நல்லா வந்துட்டு இப்படிக் கெடுத்துக்கிட்டீங்களேம்மா, பெல்ட் என்ன ஆச்சு?"

கேட்டீங்களா அவ சொன்னதை? "துவைச்சுக் காயப் போட்டிருந்தேன் சார், மறந்துட்டேன்." மறுபடியும் பொய்! மிக்சிக்கு ஒரு பொய், இதுக்கு ஒரு பொய். என்னை மாட்டி விட்டிருக்கலாம்ல? விடமாட்டா. அந்த நல்ல பேரும் அவளுக்கே வேணும். எனக்கு அதுலயும் வயிறு எரியுதுங்க, என்ன பண்ணச் சொல்றீங்க.

இன்னும் கேக்குறாரு, இருங்க. "வீட்டுல வேற ஆள் இல்லையா? ஒவ்வொரு தடவையும் உங்க கூட ஒரு அம்மா வர்றாங்களே, அவங்க அந்த விரிப்பெல்லாம் பிழியக் கூடாதா?" என்னையத்தான் சொல்றாரு. சொல்லட்டும், அவ என்ன சொல்றான்னு பாப்போம்.

...

ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குக் கேக்கலையா? "அவங்க எங்க அக்கா சார். ஆபரேஷன் பண்ணின உடம்பு, பாரம் இழுக்கக் கூடாது"ங்கிறா.

பதினாலு மாசம் ஆச்சுங்க. டாக்டரம்மா மூணு மாசம்னுதான் சொன்னாங்க. நாலாம் மாசமே அத்தை என்னை எண்ணெய் டின்னைத் தூக்கச் சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரரைக் கேட்டா அது எந்த வருஷம்னு சொல்லத் தெரியாது. நானே எப்பவாவது தழும்பு அரிச்சா நினைச்சுக்குவேன். எனக்கு ஆபரேஷன் ஆச்சுன்னு அந்த வீட்டுல ஒருத்தி ஞாபகம் வச்சிருக்கா. அவளாத்தானா இருக்கணும்? வேற ஆளே கிடைக்கலையா?

அந்த மூணு மாசம் அவ தனியா முறுக்கினது... சரி விடுங்க. அதை நான் இப்ப யோசிக்கல.

வந்துட்டா. பாருங்க, ஒத்தைக் கையால பெல்ட்டை மாட்டியிருக்கிற லட்சணத்தை. முட்டு மேலயே கட்டியிருக்கா. பத்து மாசமா சொல்றேன். இந்திராணி, இங்க வா. இவங்க பக்கத்துல இடம் இருக்கு, உக்காரு. பையை என்கிட்ட குடு. கையை நீட்டு. ரெண்டு விரக்கடை கீழன்னு எத்தனை தடவைடி சொல்றது உனக்கு? அசையாதே. இரு, கழட்டிட்டுக் கட்டுறேன்.

இந்தா பாரு, ஓரத்துல என் பட்டு இழை இன்னும் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. நீ எடுக்காதே. நானே எடுத்துர்றேன்.